ரெனாட்டா கடையின் கோணல் மெஷின்

லென்னி பியெனெக்குக்குக் கோணல் என்றால் ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் சுவரிலுள்ள படம் சற்றுச் சாய்ந்திருந்தால், எழுந்து போய் அதை நிமிர்த்தாமல் அவருக்குத் தொண்டையில் சூப் இறங்காது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சாய்வு பார்க்கும் சின்ன ரசமட்டம் இருக்கும். சிகாகோவில், உருளும் பந்தைக் குழியில் விழாமல் தட்டி ஆடும் பழைய பின்பால் மெஷின் வைத்திருப்பவர்கள் அதைப் பழுதுபார்க்க அவரைத் தேடி வருவதும் அதனால்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ரெனாட்டாவின் மதுக்கடை மெஷின் அவர் வீட்டு நிலவறையில் கிடந்தது. கருகிய கம்பிகளை மாற்றினார். ஆடுபலகையில் பந்து உருண்டு உருண்டு முகம் அழிந்துபோன சர்க்கஸ்காரிக்கு மெல்லிய தூரிகையால் வண்ணம் கொடுத்தார். அவளுக்கு மூக்கு வந்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம். ஒரே கவலை, மெஷினைத் திருப்பித் தரும் வாரம் கடையில் ரெனாட்டா சொன்னதுதான்.

"நம்ம ஆளுங்க ஆடினா அது இங்கயே இருக்கும், லென்னி. ஆடலன்னா அந்த மூலையில அம்பு எறியற மெஷின் வந்துரும். திங்கக்கிழமை ஆள் வரான்."

மெஷின் கடைக்குத் திரும்பியது கிறிஸ்தவர்கள் இறைச்சியை விலக்கும் நோன்புக்காலத்து வெள்ளிக்கிழமை. கடை நிறைய மீன் பொரிக்கும் வாசனை. முதல் ஆட்டம் மிஸஸ் டூடெக்குக்கு. ஒரு காலத்தில் லென்னியின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். அவள் ஆடினால்தான் மற்றவர்கள் கிட்டே வருவார்கள்.

முதல் பந்து வலது ஓரக் குழியில் விழுந்தது. இரண்டாவதும் அதே குழியில். மூன்றாவது விழுந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இது என் மெஷின் இல்லடா. எவளோ ஒருத்திக்குப் பவுடர் பூசிக் கூட்டிட்டு வந்திருக்க."

"புதுசா இருக்குல்ல, மிஸஸ் டூடெக். பழகிரும்."

"எழுபத்தஞ்சு வயசுல என்னத்தப் பழகறது? பேசாம அம்பே எறியறேன்."

கடையே சிரித்தது. லென்னி மட்டும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினின் மேல்கண்ணாடியில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"இன்னொரு தடவை ஆடுங்களேன்," என்று கெஞ்சினார்.

இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பந்து இறங்கும்போதெல்லாம் அவள் இடுப்பு மெஷினை ஓர் இடி இடித்துப் பந்தை வலப்பக்கம் தள்ளியது. அப்போதுதான் உறைத்தது. அந்த மூலையில் தரை இடப்பக்கம் அமுங்கிப்போய் எத்தனையோ வருஷம். மெஷினும் அதோடு சாய்ந்தே நின்றிருந்தது. காலையில் கால் திருகுகளைத் திருகி அதை நிமிர்த்தியவர் அவரேதான். ஆடத் தெரிந்தவளுக்குக் கூடத்தை நேராக்கிக் கெடுத்திருக்கிறார்.

மண்டியிட்டு இடப்பக்கக் கால்களின் திருகைத் தளர்த்தினார்.

"கீழ என்னடா தேடற?"

"என் புத்தியத் தேடறேன்."

குமிழி வலப்பக்கம் ஓடி ஒதுங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டார்.

அவள் ஆடினாள். சர்க்கஸ்காரியின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. இடித்த இடிக்கெல்லாம் பந்து சொன்னபேச்சு கேட்டது. கடைசியில் மெஷினுக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். இலவச ஆட்டம் ஒன்று ஜெயித்தாயிற்று. அடுப்படியிலிருந்து ரெனாட்டா குரல் கொடுத்தாள்: "திங்கக்கிழமை வர வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடறேன்!"

மிஸஸ் டூடெக் மீன் தட்டோடு உட்கார்ந்தாள். "அந்த ஆட்டம் உனக்குடா. ஆடு."

லென்னி பந்தை விட்டார். அது எதிலும் படாமல் இறங்கி, இடது குழியில் விழுந்தது.

"மெஷின் கோணலா இருக்கு," என்றார் அவர்.

"ஆமா," என்றாள் அவள், வாய் நிறைய மீனோடு. "தொட்டுத் தொலைச்சிடாத."