கதவின் இந்தப் பக்கம்

சத்தியமாக நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது என் தங்கைக்கு. பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொல்லி முடிக்கும்வரை அவள் கை மூக்குப் பக்கம் போகவே இல்லை.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊர் அருங்காட்சியகத்தில் ‘இளைஞர் குழு’ என்று எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். ஒரு காட்சியறை முழுக்க அவர்கள் பொறுப்பு. எதை வைப்பது, என்ன எழுதுவது, திறப்பு விழாவில் யார் பேசுவது, எல்லாம் அவர்கள் முடிவு. அப்படிச் சொல்லிச் சேர்த்தவர் அங்கிருந்த காப்பாட்சியர். தங்கை அவரை “அக்கா, அக்கா” என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கூடப் பிறந்த அக்கா எனக்கே வயிறு எரிந்தது.

பத்து மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல் போனாள். அவர்கள் எடுத்துக்கொண்டது பழைய நூல் மில் தீ விபத்து. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒன்பது பெண்கள் கருகிப் போனார்கள். எல்லாரும் கிட்டத்தட்ட இவள் வயது. மில்லில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்து, பேச வைத்துப் பதிவு செய்தார்கள்.

“கதவை வெளியிலேர்ந்து பூட்டி வெச்சிருந்தாங்கம்மா. வேலை நேரத்துல பொண்ணுங்க எழுந்து போகக் கூடாதுன்னு,” என்றார் அவர்.

அந்த மரக்கதவு அருங்காட்சியகத்தின் சாமான் அறையிலேயே கிடந்தது. அதை அறை நடுவில் நிறுத்த வேண்டும், தாழ்ப்பாள் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று முடிவானது. பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘இந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது.’ தங்கை எழுதிய வரி.

திறப்புக்கு முந்தைய நாள். சாயங்காலம் 5.10. கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போனாள்.

கதவு நடுவில் இல்லை. சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருந்தார்கள். தாழ்ப்பாள் சுவர்ப்பக்கம் போய்விட்டது. கரிந்த உட்பக்கம் மட்டும் அறையைப் பார்த்து நின்றது. பலகையில், ‘எதிர்பாராத தீ விபத்தின் நினைவாக.’ அடியில் எட்டுப் பேருடைய பெயரும்.

நேராகக் காப்பாட்சியர் முன்னால் போய் நின்றாள்.

“என்னக்கா இது?”

“மில்லுக்காரங்க வேணாம்னுட்டாங்க. அவங்க உதவியிலதான் இந்த அறையே நடக்குது.”

“எப்ப சொன்னாங்க?”

அவர் மேசையைப் பார்த்தார். “ரெண்டு மாசம் ஆச்சு.”

இரண்டு மாதம்... அத்தனை சனிக்கிழமையும் இவர்கள் எழுதிக் கொடுத்ததை எல்லாம் “பிரமாதம்” என்று சிரித்தபடி வாங்கி வைத்திருக்கிறார்.

“எங்க பேரையாவது எடுத்துடுங்க.”

“அச்சாயிடுச்சு. சின்னப் பொண்ணு நீ. போகப் போகப் புரியும்.”

அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று காட்சியறைக்கே திரும்பினாள். 5.40. மூட இன்னும் இருபது நிமிடம். வெளியே வெளிச்சம் இருந்தது. கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

5.43.

டக்.

மேலே ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

டக்... டக்...

கதவிலிருந்துதான். கதவுக்குப் பின்னால் செங்கல் சுவர். விரல்கூட நுழையாது.

எழுந்து போய் உள்ளங்கையை வைத்தாள். மரம் சுட்டது.

டக். டக். டக். டக்.

இப்போது நிறையக் கைகள். பஞ்சு பொசுங்கும் நாற்றம். யாரோ இருமினார்கள்.

காதை மரத்தில் வைத்தாள். அப்போதுதான் புரிந்தது.

சத்தம் சுவர்ப் பக்கத்திலிருந்து வரவில்லை.

இந்தப் பக்கம்.

அவள் நிற்கும் பக்கம்.

அவள் தோளை ஒட்டி... இடுப்பை ஒட்டி... சுற்றிலும் நின்று தட்டுகிறார்கள்.

கண்ணுக்கு ஒருவரும் இல்லை.

பயத்தில் வாய் தானாகப் பேசியது. “இருங்க... போய் சாவி கொண்டு வர்றேன்...”

சட்டென்று எல்லாம் நின்றது.

காதருகே சூடான மூச்சு. ஒரு பெண் குரல்.

“அவனும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான்.”

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார். 5.51.

“உள்ள எத்தனை பேரும்மா இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு,” என்றார்.

திறப்பு விழா ஜாம் ஜாம் என்று நடந்தது. இவள் போகவில்லை. அடுத்த வாரம் ஃபிட்டரைப் பார்க்கப் போனாள். நானும் துணைக்குப் போனேன். நீங்கள் சொன்னதைக் காப்பாற்ற முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள். பிறகு, கதவருகே தன் வாயில் வந்ததையும் அந்தக் குரல் சொன்னதையும் சொன்னாள்.

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

“அன்னிக்கு நான் வெளியே நின்னேன்,” என்றார். “‘இருங்க, சாவி கொண்டு வர்றேன்’னு கதவுகிட்ட சொன்னேன். அது அந்த ஒன்பது பேருக்குத்தான் கேட்டிருக்கும். வேற யாருக்கும் தெரியாது.”

“சாவி கிடைக்கலையா?” என்று நான் கேட்டேன்.

அவர் தங்கையைத்தான் பார்த்தார்.

“என் சட்டைப் பையிலதான்மா இருந்துச்சு.”