வாசல் மிதித்தவள்

வியட்நாம் அகதிகளை ஊருக்கொரு குடும்பமாக விதைநெல்போலத் தூவிய ஆங்கிலேய அரசாங்கம், லுவாவுக்கு ஒரு மலையூரில் நல்ல வீடுதான் கொடுத்தது. பேச ஒரு வியட்நாமிய வாய்தான் இல்லை. அக்கா இருக்கும் பர்மிங்ஹாமுக்கு மாற்றச் சொல்லி மூன்று வருடமாக மனுப்போட்டு அலுத்துப்போனாள்.

வியட்நாமியப் புத்தாண்டன்று முதலில் வாசல் மிதிப்பவர் எப்படியோ, வருடமும் அப்படித்தான். சிரித்த முகக்காரரான அக்கா புருஷன் வருவதாக ஏற்பாடு. பனியில் பஸ் நின்றுபோனது. வந்து கதவைத் தட்டியவள் வீட்டுவசதி ஆபீஸ் அம்மாள். போன மாதம்தான் புருஷனைப் புதைத்தவள்.

"திறக்காதீங்க!" ஜன்னல் வழியே பார்த்த லுவா கணவனின் கையைப் பிடித்தாள். "துக்கக்காரி கால வச்சா வருஷம் பூரா எழவுதான்."

"பாவம், பனியில நிக்கிறா."

"நின்னா நிக்கட்டும். மூச்சு விடாதீங்க."

தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசில் அவளே சொன்னாள்: "பர்மிங்ஹாம்ல வீடு காலியாச்சு. நேத்தே சம்மதம் சொல்லணும்னாங்க. அதான் பனியில நடந்தே வந்தேன். ஆள் இல்லன்னதும் வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்க. அப்படி எங்கதாம்மா போயிருந்தீங்க?"

மூன்று வருடத்தில் லுவா எங்கே போயிருக்கிறாள்?