பெருசு கெளம்பிட்டாரு

எங்கள் கம்பெனியில் ஏசி இருந்தது இரண்டே அறைகளில். ஒன்று மேனேஜர் அறை, இன்னொன்று கம்ப்யூட்டர் அறை. மேனேஜர் அறையில் மேனேஜர் இருந்தார். கம்ப்யூட்டர் அறையில் கம்ப்யூட்டரும், அதற்குத் துணையாக நானும், எங்கள் இருவருக்கும் துணையாக முழக்கணக்கில் மல்லிப்பூவும் இருந்தோம்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்றைக்கு இருக்கிற நெரிசல் கிடையாது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வந்தால் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டித் தருகிற எங்கள் கம்பெனி, அதன் பின்னால் ஏரி, அவ்வளவுதான். ஒயர் கட்டுகிற லைனில் முழுக்கப் பெண்கள். காலை ஷிப்டுக்கு வரும்போதே கேட்டில் பூ வாங்கிவிடுவார்கள். லைனில் தலையில் பூ கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். தகரக் கூரைக்குக் கீழே பையில் வைத்தாலோ ஷிப்ட் முடிவதற்குள் பூ வெந்த கீரையாகிவிடும். ஆகவே என்னிடம் கொடுத்து வைப்பார்கள். டேப் சுருள் வருகிற வட்டமான பிளாஸ்டிக் டப்பாக்கள் காலியாக நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பூவைச் சுற்றி வைத்து மூடி, யாருடையது என்று லேபிள் ஒட்டி, சம்பள டேப்புகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிடுவேன். பூவோடு சில சமயம் ஆட்களும் வருவார்கள். தலைவலி என்று வந்தவர்கள் லைன் பிரிண்டருக்குப் பின்னால் பத்து நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

மேனேஜர் கண்டுகொள்வார். அவர் திருநெல்வேலிக்காரர், தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது, தின்பண்டம் கூடாது, சம்பந்தமில்லாத ஆளும் பொருளும் கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மூக்குப்பொடி போடுவார். அந்தப் பொடி மட்டும் தூசி இல்லை போலும். ஆனால் நான் அதைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. அந்த மூக்கு செத்துக் கிடந்ததால்தான் மல்லிகை வாசனை பிழைத்தது.

எங்களைக் காப்பாற்றியது அவருடைய ஷூ. கயிறு கட்டிய ஷூ. கதவுக்கு வெளியே குனிந்து முடிச்சவிழ்த்துக் கழற்ற அவருக்கு முழுசாக ஒரு நிமிஷம் ஆகும். கண்ணாடிக் கதவில் அவர் குனிகிற நிழல் தெரிந்ததும் டப்பாக்களை மூடுவேன், தூங்குகிறவரை எழுப்பிப் பின்கதவு வழியே அனுப்புவேன், முகத்தை வேலை செய்கிற மாதிரி வைத்துக்கொள்வேன். அந்த வருஷம் ஆடித் தள்ளுபடியில் மனிதர் கயிறே இல்லாத ஷூ ஒன்று வாங்கிவிட்டார். உதறினால் கழன்றுவிடும். ஒரே வாரத்தில் இரண்டு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

எனக்கு அது விளையாட்டில்லை. ஒரு வருஷ புரொபேஷன் புரட்டாசிக் கடைசியில் முடிகிறது. வேலை நிரந்தரம் என்று கடிதம் வராவிட்டால் ஐப்பசி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நான் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று குன்றத்தூர் வீட்டில் அப்பா பேசி முடித்திருந்தார். கடிதம் வந்தால் இரண்டு வருஷத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அப்பா வாக்குத் தவறாதவர், இரண்டு பக்கத்துக்கும். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மேனேஜர்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ், அங்கே ஒரு சின்ன கம்ப்யூட்டர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற கணக்கு அதில் ஏறும். தினமும் நான் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு சிமெண்ட் முற்றத்தைத் தாண்டி நடந்துபோய் அதை வாங்கி வருவேன். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே கேபிள் இழுத்தாயிற்று, இன்னும் ஏன் நடக்கிறாய், அட்டெண்டன்ஸ் தானாக இங்கே வர வழி செய், செய்தால் கையெழுத்து என்றார்.

மெஷினைச் சர்வீஸ் பண்ண பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு டேப்பை விட்டுப் போயிருந்தார். அதில் பெர்ல் என்றொரு மொழி இருந்தது. சம்பளக் கணக்குக்கு நான் எழுதுகிற கோபோல் மொழி மாதிரி பாயும் தலையணையும் விரித்து வைத்தால்தான் வருவேன் என்கிற மொழியில்லை. எழுதினால் எழுதின கையோடு ஓடும். அதில் சாக்கெட் என்று ஒன்று. கம்பெனி போன் மாதிரிதான். ஒரு கம்ப்யூட்டரின் முகவரி கம்பெனி நம்பர், அதற்குள் போர்ட் என்பது எக்ஸ்டென்ஷன் நம்பர். ஒரு பக்கத்து புரோகிராம் அந்த எக்ஸ்டென்ஷனில் காதை வைத்துக் காத்திருக்கும், இன்னொரு பக்கம் கூப்பிடும், எடுத்ததும் இரண்டும் பேசிக்கொள்ளலாம். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பதினோராம் நாள் டைம் ஆபீசிலிருந்து ஒரு வரி என் திரையில் வந்து விழுந்தபோது நான் தனியாக அறையில் குதித்தேன். செருப்பு இல்லாததால் சத்தம் வரவில்லை.

அட்டெண்டன்ஸ் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேனேஜர் அறையிலிருந்து என் அறைக்கு வருகிற எவரும் டைம் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே டைம் ஆபீஸ் அக்கா. பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தினமும் முதல் டப்பா அவருடைய பூவுக்குத்தான். இன்டர்காம் இருக்கிறதே என்பீர்கள். அதன் போர்டு மேனேஜர் அறை வாசலில் இருந்தது, போர்டில் இருந்த ஆபரேட்டர் மேனேஜருடைய ஆள். ஆகவே அதே சாக்கெட்டில் ஒரு சின்ன ஏற்பாடு. அக்கா ஒரு வரி அடித்தால் என் திரையில் வரும், கூடவே டெர்மினல் ‘கிணி’ என்று ஒரு மணி அடிக்கும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊரே யோசித்துக்கொண்டிருக்க நான் பெர்லில் கட்டிவிட்டேன்.

அக்கா ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார். முதல் நாள் வந்தது ‘பெருசு கெளம்பிட்டாரு.’ சுருக்கமாக ஒரு எழுத்து போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அது மரியாதையாக இல்லை என்றுவிட்டார். ஒரு மாதம் ராஜபோகம்.

மேனேஜருக்கு இணைப்பைச் செய்து காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் எனக்கு இன்னும் கொஞ்சம் புத்தி வேலை செய்தது. அதுவரை ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகக் கூப்பிட்டு, பேசி, போனை வைத்துவிடுகிற மாதிரி எழுதியிருந்தேன். டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு கிழட்டு மாடு, புரோகிராமை எழுப்பி நிறுத்தவே அரை நிமிஷம் எடுக்கும். எதற்கு இந்தத் தாமதம், காலையில் ஒருமுறை கூப்பிட்டு நாள் முழுக்க வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன? மாற்றினேன். சோதித்துப் பார்த்தேனா? அட்டெண்டன்ஸ் ஃபைலை அனுப்பிப் பார்த்தேன், கடகடவென்று வந்தது. பூனை மணியைத் தனியாகச் சோதிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் கதவு திறந்து மேனேஜர் நின்றார். மணி அடிக்கவே இல்லை. ஏதோ கேட்டார், போனார். பன்னிரண்டுக்கு முன்னால் மறுபடி வந்தார், மறுபடியும் மணி இல்லை. நல்லவேளை, டப்பாக்கள் மூடியிருந்தன. எனக்கு வந்த கோபத்தில் மதியம் கேண்டீனில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எங்கே போனீர்கள், வம்பு பேசவா, எனக்கு வேலை போனால் உங்களுக்குச் சந்தோஷமா என்று நான்கு பேர் முன்னால் கேட்டேன்.

“நா அடிச்சேம்மா. ரெண்டு தபாவும் அடிச்சேன்” என்றார் அக்கா.

அடித்திருந்தால் வந்திருக்கும் என்றேன். என் புரோகிராமில் தப்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அக்கா சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து உட்கார்ந்தார். திரையெல்லாம் வேண்டாம், எனக்குத் தாளில் வேண்டும் என்றார். வருவதையெல்லாம் பிரிண்டருக்குத் திருப்பிவிட்டேன். டைம் ஆபீசில் அக்கா அட்டெண்டன்ஸை அனுப்ப வேண்டிய நேரம். பிரிண்டர் கர்ர் என்று இழுத்தது. தொடர்ச்சியாக ஆறேழு தடவை மணி அடித்தது. தாளில் அட்டெண்டன்ஸுக்கு முன்னால் வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

‘பெருசு கெளம்பிட்டாரு.’ ‘பெருசு மறுக்கா வராரு, பூவ மூடு.’ ‘அடிக்கலன்னு சொல்றியே, இந்தா அடிக்கிறேன்.’ ‘பிரிண்டருக்குப் பின்னால தூங்கறவள எயுப்பு.’ ‘கயிறு இல்லாத ஷூ வாங்குனதுல இருந்து பெருசுக்குத் திமிரு.’ ‘இப்பவும் நா அடிக்கல, அப்டித்தான.’ அதற்கப்புறம்தான் ஒழுங்காக, பெயர் வாரியாக, அட்டெண்டன்ஸ்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பிரிண்டரில் வந்ததை எங்கே மறைப்பது? மேனேஜர் தாளைக் கிழித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஷூ வரியில் கொஞ்சம் நின்றார். பொடி டப்பாவை எடுத்து, திறக்காமலே உள்ளே வைத்தார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் கெளம்புனது பத்து மணிக்கு. சேதி வந்தது மூணு மணிக்கு. நடுவுல ரெண்டு தடவ வந்துட்டும் போயிட்டேன். இதுக்குப் பேரு லிங்க்காம்மா?”

நான் பிரிண்டரை நிறுத்தினேன்.

“நான் வாரதுக்கு முன்னால சேதி வரணும். வந்தாத்தான் கையெழுத்து” என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் டேப்பில் இருந்த உதவிப் பக்கங்களைத் துழாவியபோது விஷயம் விளங்கியது. பெர்ல் சிக்கனக்காரி. ஒவ்வொரு வரிக்கும் ஆள் அனுப்ப மாட்டாள். கொடுப்பதை ஒரு பையில் போட்டுக்கொண்டே இருப்பாள், பை நிறைந்தாலோ பேச்சு முடிந்து போனை வைத்தாலோ மொத்தமாக அனுப்புவாள். முன்பு ஒவ்வொரு முறையும் போனை வைத்ததால் செய்தி உடனே வந்தது. நான் வைக்காமல் பிடித்துக்கொண்டதும் அக்காவின் வரிகள் பையிலேயே கிடந்து, அட்டெண்டன்ஸ் வந்து இடித்தபோது வெளியே விழுந்திருக்கின்றன. போட்டதை உடனுக்குடன் அனுப்பு என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும். எழுதினேன். எழுதிவிட்டு டைம் ஆபீசுக்கு நடந்தேன். அந்த முற்றம் அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா கார்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

“நா சொன்னா நம்ப மாட்ட. மிசினு சொன்னா நம்புவ. இன்னா பொண்ணு நீ.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அக்கா என்னிடம் பூ கொடுக்கவில்லை. மறுநாள்தான் கொடுத்தார்.

மணி இப்போது சரியாக அடித்தது. அடித்ததும் ஓடி ஒளித்தோம், எழுப்பினோம், பின்கதவு வழியே அனுப்பினோம். மேனேஜர் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடி ஓட்டம், மறுபடியும் வரவில்லை. மூன்றாவது முறை டப்பாக்களை அவசரத்தில் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, பூ முழுக்க வதங்கிப்போய், லைன் பெண்களிடம் நான் வசவு வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, மேனேஜர் டைம் ஆபீசில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தானே அடித்துக்கொண்டிருக்கிறார். சாக்கெட் எந்த கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று சொல்லும், யாருடைய விரல் என்று சொல்லாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை ஓடவைக்க அந்த மனிதருக்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம்.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருந்தது. கடிதம் வரவில்லை. வீட்டில் அம்மா எனக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டாள். மதியம் ஒரு மணி இருக்கும், டெர்மினல் அடித்தது. ‘கையெழுத்து போட்டாச்சு. வா.’

மறுபடியும் அவருடைய விரல்தான் என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பூவை வைத்து விளையாடினார், பொறுத்துக்கொண்டேன். இதை வைத்துமா? ஐப்பசியில் யார் முன்னாலோ தட்டோடு நிற்கப்போகிறவள் நான். இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள், அன்றைக்குச் சிமெண்டே உருகியிருக்கும். பாதி முற்றத்தில்தான் காலில் செருப்பில்லை என்பது உறைத்தது. திரும்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஓடினேன்.

மேனேஜர் அறைக்குள் மூச்சு வாங்க நின்றேன். மேஜைமேல் என் பெயர் போட்ட கடிதம். கையெழுத்தின் மை இன்னும் பளபளத்தது. சண்டைக்கு வந்ததை மறந்து அந்தக் கையெழுத்தை இரண்டு முறை படித்தேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் என் காலைப் பார்த்தார்.

“இந்த ரூமுக்குச் செருப்போட வரலாம்மா” என்றார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரோரம் நிழல் பார்த்துப் பார்த்து, பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்து என் அறைக்குத் திரும்பினேன். செருப்பு வாசலில் அப்படியே இருந்தது. உள்ளே டெர்மினலில் ஒரு வரி வந்து காத்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைத் தாண்டி ஓடியபோது அக்கா அடித்திருக்கிறார், கூப்பிட்டுச் சொல்லாமல், மெஷினில்.

‘செருப்பு இல்லாம கெளம்பிட்டியே, காலு வெந்துடும், போட்டுகினு போ.’

இந்த முறை செய்தி ஒரு நொடிகூடத் தாமதமாகாமல் வந்திருந்தது. படிக்கத்தான் நான் அங்கே இல்லை.