வெள்ளைக்காரத் தம்பியின் கொழுந்து

தேயிலைக் கொழுந்து எடுக்கத் தெரியாத நான், இன்னொருவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன் என்று ஒரு வருடம் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் அந்த முட்டாள்தனம் என்னோடு போயிருக்கும். நானோ அதை அறிக்கையாக எழுதி, வரைபடம் போட்டு, பெரிய மனிதர்கள் முன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு வாசித்தும் விட்டேன். கோட்டும் இரவல்தான்.

பதுளை நகரத்தில் சாப்பாட்டுக் கடையொன்றின் மேல்மாடியில் வளர்ந்தவன் நான். தேயிலையோடு எனக்கிருந்த உறவெல்லாம் கிளாஸ் வழியாக வந்தது. விவசாயபீடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் இங்கே வந்து தோட்டங்களில் பயிற்சி பெறும் திட்டமொன்று வந்தது. நெதர்லாந்திலிருந்து ஒரு பையன் வந்திறங்கினான். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு அவனை அனுப்பி, மொழிபெயர்க்க என்னையும் கூட அனுப்பினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர் எவ்வளவு சீக்கிரம் முழுப்பேருக்குத் தேறுவார் என்பதுதான் எங்கள் ஆய்வு. தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆய்வுக்குக் கிடைத்த புதிய ஆள் அந்தப் பையனே. ஒரே ஆளை வைத்து ஓர் ஆய்வா என்று கேட்கும் அறிவு எனக்கு இப்போது இருக்கிறது. அப்போது வரவில்லை.

எங்களுக்குப் பக்கத்து நிரையில் ஓர் அக்கா கொழுந்து எடுப்பார். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், இரண்டும் ஓயாது. நான் பாடப்புத்தகத்தில் பார்த்தபடி விரலை மடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டிக்கொண்டிருப்பேன். “சார் பாடம் நடத்துறாரு, சத்தம் போடாதீங்கடி” என்பார் மற்றவர்களிடம். பிறகு என்னிடம், “என்ன சார், இவ்வளவு மெதுவா எடுக்கச் சொல்றீங்க? கோயிலுக்கு மாலை கட்டவா?” மலையே சிரிக்கும். என்ன சொன்னார்கள் என்று பையன் கேட்டால், உன்னைப் பாராட்டுகிறார்கள் என்று மொழிபெயர்த்துவிடுவேன்.

முதல் சில நாட்கள் அவன் நிலைமை பரிதாபம். விரல் நுனி வெடித்து, கழுத்து வெயிலில் கன்றிப்போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை வைத்தால் தராசு முள் அசையவே யோசிக்கும். ஒரு மாலை அந்த அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, “இந்தப் புள்ளைக்கும் அரைப்பேர்தானா போடுவாங்க?” என்று கேட்டார். அவனுக்கு யாரும் கிலோ பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு நேராக நிற்காதே. “ஆமாக்கா, அரைப்பேர்தான். பாவம், ஊர்ல அம்மா இவன் காசைப் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நல்ல நடிப்பு. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து பையன் தேறத் தொடங்கினான். கிழமை முடியுமுன், ஏழே நாளில், முழுப்பேர். வரைபடத்தில் கோடு ஏணி மாதிரி ஏறியது. அதற்குக் காரணம் என் பயிற்சிமுறைதான் என்று அறிக்கையில் எழுதினேன். பீடத்தில் கைதட்டினார்கள், தோட்ட நிர்வாகம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் பயிற்சிக்காக என்னையே நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு ஸ்ட்ராபெரிப் பண்ணை. கொழுந்து எடுக்கும் கலையின் ஆசிரியரான நான் நாள் முழுக்கக் குனிந்து நின்றும் தட்டு பாதிதான் நிறையும். அப்படியே ஒரு மாதம் போனது. பக்கத்து வரிசையில் நின்றவர்கள் நல்லவர்கள்தான். காலையில் வணக்கம் சொல்வார்கள், மாலையில் அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஒரு தடவைதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது: அந்தப் பையன் மட்டும் எப்படி ஒரு கிழமையில்?

திரும்பி வந்ததும் அப்புத்தளைக்குப் போனேன். காலையில் பெண்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில் மலையில் வேலையை மேற்பார்க்கும் வெளிக்கள ஐயா பேசிக்கொண்டிருந்தார். முழுப்பேருக்கான கிலோவைக் கூட்டியிருந்தார்கள். “நேத்து வந்த வெள்ளைக்காரப் பையன் ஒரு கெழமையில எடுத்தான். பரம்பரையா எடுக்கிற உங்களுக்குக் கை வலிக்குதாக்கும்?” பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

நிரையில் வைத்து அக்காவிடம் கேட்டேன். “நாங்கதான் போட்டோம். பின்னால போறப்ப ஆளுக்கு ஒரு பிடி அவன் கூடையில. நீங்கதானே சொன்னீங்க, அம்மா காசைப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு” என்றார். வறண்ட கச்சான் காற்று அடித்துக் கொழுந்து வற்றிப்போகும் மாதங்களில்தான் பையன் வந்திருந்தான். அவர்களுக்கே பேர் தேறுவது இழுபறியாக இருந்த நேரத்தில்தான் அந்தப் பிடிகள் விழுந்திருக்கின்றன. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை.

ஐயாவிடம் போய், அறிக்கை பிழை என்றேன். “நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டதுதானே தம்பி?” என்று சிரித்தார். அது மேலே போய்விட்டதாம். பீடத்துக்கு எழுதினேன். ஆய்வில் தவறு நிகழ்வது சகஜம் என்று ஆறுதல் சொன்னார்கள். கிலோ குறையவில்லை.

இப்போது அப்படி வரும் மாணவர்களை வருடா வருடம் வரவேற்பது என் வேலை. யார் கூடையில் யார் கொழுந்து விழுகிறது என்று பாருங்கள், உங்களைப் பற்றி வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லாதீர்கள் என்று முதல் நாளே சொல்கிறேன். என் முகராசி, அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

போன ஆடியில் ஒரு குழுவை அதே தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மடுவத்தில் அந்த அக்கா நின்றார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. கூடையோடு விறுவிறுவென்று தராசை நோக்கி வந்தவரை நான் வழிமறித்தேன். எத்தனையோ வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு. “அக்கா, அன்னைக்கு நான் விளையாட்டாச் சொன்னது உங்க எல்லார் தலையிலயும்...” என்று தொடங்கினேன்.

“தள்ளி நில்லுங்க சார், நிறுவை முடியப்போகுது.”