பித்தம் உடைந்த ஈரல்

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மேச்சேரிப் பக்கம் குடல் கழுவுவதில் அத்தாயியை மிஞ்ச ஆள் கிடையாது. குச்சியில் கோத்து உள்வெளி புரட்டி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டு அவள் அலசினால் குடல் தும்பைப் பூவாக வெளுக்கும். ஆட்டில் எதையும் வீசக் கூடாது என்பது மாமனார் தீர்த்தகிரியின் சட்டம். ரத்தம் பொரியலாகும், கால் ரசமாகும், தலை மறுநாள் குழம்பாகும். ஈரலில் ஒட்டிய பித்தப்பையை மட்டும் அறுத்துப் புதைப்பார்கள். கை தவறி அதை உடைத்தவர், கசந்துபோன ஈரலைத் தானே தின்று தீர்க்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் அத்தாயி ஒருமுறையும் உடைத்ததில்லை. அவளுக்கு நகை நட்டெல்லாம் அந்தப் பெருமைதான்.

கொழுந்தன் பெண்டாட்டியாக மயிலம்மாள் வந்தாள், அத்தாயிக்குச் சனி பிடித்தது. முதல் நோம்பித் திருவிழாவிலேயே மயிலம்மாள் கழுவிய குடலைத் தின்றுவிட்டு மாமனார், "இத்தன சுத்தமாக் கழுவி நாம் பாத்ததில்ல சாமி" என்றார். குடல் கூடை மயிலம்மாள் கைக்குப் போனது. பன்னிரண்டு வருஷமாக அத்தாயியிடம் அவர் சொன்னதெல்லாம் உப்பு கூட, உப்பு கம்மி என்பதுதான். அவளுக்கு வயிறு எரிந்தது. மயிலம்மாள் சிரித்தாலும் ஆகவில்லை, சும்மா இருந்தாலும் ஆகவில்லை.

அடுத்த வருஷ நோம்பிக்கு ஆடு வெட்டியாயிற்று. மயிலம்மாள் தண்ணீர் சேந்தப் போன நேரம் பார்த்து, அத்தாயி வேலமுள்ளால் கூடையிலிருந்த ஈரலின் பித்தப்பையில் ஒரு குத்துக் குத்தினாள். பச்சையாகக் கசிந்து ஈரலெல்லாம் பரவியது.

திரும்பி வந்த மயிலம்மாள், கூடையை இறக்கும்போது தான்தான் இடித்துவிட்டோம் என்று நினைத்தாள். பத்துத் தண்ணீரில் அலசி வறுத்தும் கசப்புப் போகவில்லை. மாமனார் ஒரு துண்டை வாயில் வைத்ததும் முகம் சுளித்தார்.

"ஆரு பித்தத்த ஒடச்சது?"

"நாந்தானுங்க மாமா."

ஈரல் சட்டியோடு அடுப்படியில் உட்கார்ந்து மயிலம்மாள் தின்ன ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை. அத்தாயிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அப்போது மாமனார் மெதுவாகச் சொன்னார்: "ஒளிக்காமச் சொன்னா பாரு. இப்பிடியொரு பொம்பள இந்த ஊட்டுல இருந்ததேயில்ல."

அத்தாயிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த நல்ல பேரும் அவளுக்கா? கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"அவ இல்லீங்க மாமா. முள்ளுல குத்துனது நானுங்க."

அவளே சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் மாமனார் முகத்தை ஏறிட்டுப் பார்த்தபடி, ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தாள். கை கழுவ எழுந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சட்டியோரத்துல இன்னும் ஒட்டியிருக்குது பாரு."