வெள்ள மணிக்குப் படகை அவிழ்த்தவள்

எஸ்லா ஆற்றங்கரையில் எர்மெலிந்தாவுக்கு வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. புருஷன் செத்த மறுவாரமே ஊர்ச்சபைக்குப் போய், படகு எனக்குத்தான் என்று மல்லுக்கட்டி வாங்கியவள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்துப் படகைச் செலுத்துவாள். அக்கரையில் ஒரு மணி தொங்கியது. விட்டுவிட்டு மூன்று முறை தட்டினால் ஆள் காத்திருக்கிறது என்று பொருள். விடாமல் அடித்தால் மலையிலிருந்து வெள்ளம் வருகிறது, படகை அவிழ்க்காதே. அந்த மணிக்கு ஒருநாளும் அவிழ்ப்பதில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்த பிறகே சபை அவளிடம் படகைக் கொடுத்தது.

1808 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்னால் ஆங்கிலேயப் படை பின்வாங்கி வந்தது. இரண்டு நாள் அவர்களை இக்கரைக்கு ஏற்றி இறக்கினாள். அவர்கள் அவள் வீட்டுக் கதவைப் பெயர்த்து எரித்துக் குளிர்காய்ந்தார்கள். கடைசியாக ஒன்பது பேர் மட்டும் அக்கரை மேட்டில் நின்று, துரத்தி வருகிறவர்களைச் சுட்டுத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். இக்கரையில் ஒரு சார்ஜெண்ட் கோடரியோடு காத்திருந்தான். அவன் பேச்சை அவளுக்குச் சொல்ல, அதே ஊர்க் கழுதைக்காரன் பாஸ்குவால்.

"அந்த ஒம்பது பேரும் வந்ததும் படக ஒடைக்கணுமாம். பிரெஞ்சுக்காரன் கையில சிக்கக் கூடாதாம்" என்றான் பாஸ்குவால். குரலில் வருத்தமே இல்லை.

"ஒங்கப்பன் வீட்டுப் படகாடா?"

"நானா சொல்றேன்? தொரை சொல்றாரு."

"கதவத் திருடுனவன்லாம் தொரையா? அந்தக் கோடாலிய அவன் தலையிலேயே போட்டுக்கச் சொல்லு."

பாஸ்குவால் வேறு எதையோ சொன்னான். சார்ஜெண்ட் தலையசைத்தான்.

நடுப்பகலில் மேட்டில் வெடிச்சத்தம் நெருங்கியது. மணி அடித்தது, விடாமல், வெறிபிடித்தாற்போல. முடிச்சில் இருந்த அவள் கை நின்றது.

"ஏன் நிக்கிற? போ!"

"வெள்ள மணி."

"அவனுங்களுக்கு நம்ம மணி என்னடி தெரியும்? பயத்துல அடிக்கிறானுங்க."

"எவன் அடிச்சாலும் மணி மணிதான். சத்தியம் பண்ணியிருக்கேன்."

அது பொய்யில்லை. அந்த ஒன்பது பேர் வராதவரை படகு உடையாது என்பதும் பொய்யில்லை. தன்னைத் தடுத்தது எது என்று அன்றும் சரி, பிறகும் சரி, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சார்ஜெண்ட் துப்பாக்கியை அவள் முதுகில் வைத்தான்.

"சுடச் சொல்லு. அப்புறம் வடத்த நீ இழுப்பியா?"

அக்கரையில் சிப்பாய்கள் சரிந்து ஓடி வந்தார்கள். பின்னால் மேட்டில் குதிரைகள். ஒருவன் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மார்பளவு, கழுத்தளவு. பிறகு அங்கே தண்ணீர் மட்டும் ஓடியது.

"நாசமாப் போறவனுங்களா" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தாள்.

ஆறு பேரைக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் மேட்டிலேயே கிடந்தார்கள். முதல் மணிக்கே போயிருந்தால் ஒன்பது பேரும் வந்திருப்பார்கள். அவள் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. ஆறாவது ஆள் கரையில் கால் வைப்பதற்குள் கோடரி பலகையில் விழுந்தது. வடத்தையும் வெட்டினார்கள்.

வசந்தத்தில் ஊர்ச்சபை கூடியது. மூழ்கியவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"வெள்ள மணி அடிச்சுதா?"

"ஆத்துல வெள்ளமே இல்லையே!"

"அதக் கேக்கல. மணி அடிச்சுதா, நீ அவுத்தியா?"

"அவுத்தேன்."

"நான் பாத்தேன்" என்றான் பாஸ்குவால்.

"போகச் சொன்னதே நீதானடா!"

"சொன்னேன். சத்தியம் பண்ணுனது நானா?"

புதுப் படகு பாஸ்குவாலுக்குப் போனது.

அதன்பிறகு அவள் பதினொரு வருஷம் இருந்தாள். மாவு மில் அக்கரையில். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அரைநாள் நடந்து, ஆற்றுக்கு மேலே உள்ள பாலம் வழியாகச் சுற்றிப் போவாள். "ஏறிக்க, காசு வேணாம்" என்று படகிலிருந்து பாஸ்குவால் கூப்பிடுவான். ஆற்றில் காறித் துப்பிவிட்டு நடப்பாள்.