இரண்டு கையெழுத்துக் கூண்டு

நாசரேத்து தேவபிரசாதம் வாத்தியாருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைச் சாத்தான்குளத்தில் கொடுத்தார். இளையவள் பிரசவத்தில் போய்விட்டாள். நடுவிலவள் கிருபாபாய்தான் பௌதிகம் படித்து, தூத்துக்குடிக் கரையில் விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய வானிலைக் கூடத்துக்கு விஞ்ஞானியாக வந்தவள்.

அங்கே அவளுக்குச் சமமான இன்னொரு விஞ்ஞானி, விளாத்திகுளத்துச் சங்கரபாண்டியன். கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற வேண்டுமானால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கூடத்தின் பழைய சட்டம் அது. ஆனால் இருவரும் பேசி மூன்று வருஷம். ஒருமுறை அவர் பேச்சை நம்பிக் கூண்டு ஏற்றினாள். புயல் வரவில்லை. விசாரணையில் “அந்தம்மா பார்த்த ரீடிங்தான்” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. அதிலிருந்து, ஒரே அறையில் இருந்தாலும், பெருக்குகிற அல்போன்சா வாய்வழியாகத்தான் சேதி.

போன நவம்பரில் ஒரு நாள் காலை எட்டரை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. காக்கை ஒன்றைக்கூடக் காணோம்.

“அல்போன்சா, அந்த அம்மாட்ட சொல்லு,” என்றார் சங்கரபாண்டியன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “அஞ்சரைக்குப் பாத்தேன், பாரோமீட்டர் இறங்கிட்டே போவுது. கூண்டு ஏத்தணும். நான் கையெழுத்துப் போட்டாச்சு.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னாருன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு? நான் என்ன தபால்காரியா?” என்ற அல்போன்சா குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுக்காரரு ரோச் ஒம்பதுக்கு வள்ளத்தத் தள்ளுதாராம். கூண்டு ஏறுமான்னு கேக்காரு, அம்மா.”

“போவாண்டாம்னு நீயே சொல்லேன்.”

“சொன்னேன்லா. ‘ஏளா, கடலுக்குக் கூண்டு நீயா, அதுவா?’ன்னு சிரிக்காரு ரோச்.”

கிருபாபாய் பாரோமீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். தினமும் பத்து மணிவரை ஏறுகிற பாதரசம் அவர் எழுதியிருந்ததைவிட இரண்டு கோடு கீழே நின்றது. அவளுக்குத் தெரியாத கணக்கல்ல. பேனாவைக்கூடத் திறந்தாள். அப்போது விசாரணை அறையில் அவர் பார்த்த சுவரும், அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் மூடிக்கொண்ட வாயும் நினைவுக்கு வந்தன. இந்த ஆள் பாரோமீட்டர் பெட்டியைத் திறந்து எதையாவது திருகியிருந்தால்?

“பதினொன்னரை ரீடிங்கும் பாத்துட்டுப் போடுதேன்னு சொல்லு.”

சங்கரபாண்டியன் திரும்பி, மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். எதுவோ சொல்ல வந்து, அல்போன்சாவைத் தேடினார். அவள் கொல்லைப்பக்கம் போனில் இருந்தாள்.

“ஏறலயாம். உங்க இஷ்டம்,” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு இன்னும் நான்கு கோடு இறங்கியிருந்தது. கிருபாபாய் கையெழுத்துப் போட்டாள்.

“அண்ணாச்சி,” என்றாள், அவரிடமே. “கயித்த இழுங்க.”

அவர் கொடிமரத்துக்கு ஓடினார். கறுப்புக் கூண்டு கிறீச்சிட்டு ஏறியது. கிழக்கே வானம் ஈயமாக இருந்தது. அல்போன்சா கூண்டைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“ரிங்கே போவ மாட்டுக்கு, அம்மா,” என்றாள்.